கந்தாயம் கட்டறோம், எங்க வார்டு கணக்க தமிழ்ல போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதில ஒருத்தர் "ரோடு போடாத ஊருக்கு எதுக்கு கந்தாயம், எல்லாரும் ஒண்ணா சேர்ந்து நிறுத்துவோம்"னு எழுதியிருந்தாரு. கந்தாயம்னா நாம மாநகராட்சிக்கு கட்டற சொத்து வரி. அத எங்க தெருவுல யாரோ போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல போட, அது ஊரெல்லாம் சுத்தி, ஞாயித்துக்கிழமை நடந்த எங்க தெரு சங்க மீட்டிங்ல அதுவே மெயின் மேட்டர் ஆயிடுச்சு. திருவிழா வரவு செலவு வாசிக்கறதுக்குள்ளயே சண்டை ஆரம்பிச்சிருச்சுன்னா பாத்துக்கோங்க. அவரு கோவம் எனக்கு புரியுது, பெங்களூர்ல டூ வீலர் ஓட்டற யாருக்கும் அந்த கோவம் புரியும். ஆனா கந்தாயத்த நிறுத்தறது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நாமளே வெட்டிக்கற குழின்னு நான் நினைக்கறேன். அதுக்குத்தான் இந்த லெட்டர். நான் அல்சூர் பக்கம் வாடகை வீட்டுல இருக்கறவ, ஒரு மருந்துக்கடைல கணக்கு எழுதற வேலை, அதனால ரசீது சலான் எது கைக்கு வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படிக்காம விடமாட்டேன், அது ஒரு வியாதி.

முதல்ல, கட்டாம விட்டா யாருக்கு என்ன ஆகும்னு யோசிங்க. விதான சௌதால உக்காந்து இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பாக்கி நம்ம பேர்ல நிக்கும், வட்டி ஏறும். 2024 அக்டோபர்ல இருந்து இ-கத்தா (மாநகராட்சியோட ஆன்லைன் சொத்து சான்று) இல்லாம சொத்து ரிஜிஸ்டர் ஆகறதில்ல, நாளைக்கு பொண்ணு கல்யாணத்துக்கு வீட்ட அடமானம் வைக்கணும், அண்ணன் தம்பி பாகம் பிரிக்கணும்னு போனா பேங்க்காரனும் வக்கீலும் முதல்ல கேக்கறது கந்தாய ரசீதுதான். பெரிய மாலுக்கும் டெக் பார்க்குக்கும் வக்கீல் இருக்காங்க, கோர்ட்டுக்கு போய் பத்து வருஷம் இழுப்பாங்க. 30க்கு 40 சைட்டுல ஷீட் வீடு கட்டி வச்சிருக்கற நம்ம ஆளு யாரு கிட்ட போவாரு?

அடுத்தது காலைல தெரு கூட்டறவங்க. 2025 மே 1ம் தேதி 12,692 பௌரகார்மிகர்களுக்கு நிரந்தர வேலை ஆர்டர் குடுத்தாங்க, எத்தனையோ வருஷம் போராடி வாங்கினது அது. அவங்கள்ள தமிழ், தெலுங்கு பேசற குடும்பங்க எவ்ளோன்னு நம்ம ஏரியாவுல இருக்கறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, சில பேருக்கு சொந்த அத்தை பையன், சித்தி பொண்ணே அந்த வேலைலதான் இருக்காங்க. கஜானால பணம் இல்லன்னா முதல்ல நிக்கறது கான்ட்ராக்டர் பில்லா, இவங்க சம்பளமான்னு நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணு, இந்த ஊர்ல பாக்கி வைக்கறவனுக்குத்தான் மரியாதைன்னு ஒரு பேச்சு மீட்டிங்ல வந்துச்சு, அது பொய் இல்ல. 2024ல ஒன் டைம் செட்டில்மென்ட்னு ஒண்ணு விட்டாங்களே, நவம்பர் 30 வரைக்கும், வருஷக்கணக்கா கட்டாதவங்களுக்கு வட்டிய தள்ளுபடி பண்ணாங்க. எங்க மாடி வீட்டு ஓனரம்மா ஏப்ரல் மாசம் பொறந்த உடனே மொத்தமா கட்டி 5 சதவீத தள்ளுபடி வாங்கறவங்க. அவங்க மீட்டிங்ல எழுந்து நின்னு, "நான் ஒழுங்கா கட்டினதுக்கு அஞ்சு பர்சன்ட், கட்டாதவனுக்கு வட்டியே இல்லயா, அப்போ நான்தான் லூசா"ன்னு கேட்டாங்க, யாருகிட்டயும் பதில் இல்ல. எனக்கும் இல்ல.

சரி, கந்தாயம்னா என்னதான் கட்டறோம்? வாடகைக்கு இருக்கறவங்க இத படிக்காம தாண்டிடாதீங்க, உங்க பணமும் இதுல இருக்கு. 2008ல இருந்து இங்க யூனிட் ஏரியா வேல்யூன்னு ஒரு முறை. ஊர ஏ-ல இருந்து எஃப் வரைக்கும் 6 ஜோனா பிரிச்சு, ஜோனுக்கு தகுந்த மாதிரி சதுர அடிக்கு ஒரு ரேட்டு, அத 10 மாசத்துக்கு பெருக்கி, கட்டடத்தோட வயசுக்கு தேய்மானம் கழிச்சு, மிச்சத்துல வீடுன்னா 20 சதவீதம், கடை ஆபீஸ்னா 25 சதவீதம் வரி. நாமளே கணக்கு போட்டு நாமளே ஒத்துக்கற சுய மதிப்பீடு. அந்த வரி மேல செஸ்னு கூடுதல் வரி. ஆரோக்கியத்துக்கு 15 சதவீதம், லைப்ரரிக்கு 6 சதவீதம், பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கு 3 சதவீதம். அதாவது 1,000 ரூபா வரி வந்தா இந்த மூணுக்கும் சேர்த்து 240 ரூபா. மாகடி ரோட்டுல சுமனஹள்ளில இருக்கே நிராஸ்ரிதர் கேந்திரம், அது ஓடறது அந்த 3 சதவீதத்துலதான். லைப்ரரி செஸ்ஸும் அந்த மாதிரி, வசூல் பண்றது மாநகராட்சி, செலவு பண்ண வேண்டியது லைப்ரரி டிபார்ட்மென்ட். வசூலான பணம் முழுசா அந்த பக்கம் போய் சேரல, பாக்கி கோடிக்கணக்குல நிக்குதுன்னு பேப்பர்ல வருஷா வருஷம் நியூஸ் வருது. நாம கட்டலன்னா நமக்கு வட்டி, அவங்க குடுக்கலன்னா அவங்களுக்கு நியூஸ் மட்டும்தான். உங்க ஏரியா லைப்ரரில தமிழ் புஸ்தகம் இருக்கான்னு ஒரு தடவ போய் பாத்துட்டு வாங்க, உங்க 6 சதவீதம் அங்கதான் இருக்கணும்.

இதுக்கு மேல இப்ப குப்பைக்கு தனி கட்டணம், 2025 ஏப்ரல்ல இருந்து கந்தாயத்தோடவே வசூல். முன்னாடியும் குப்பை செஸ்னு சின்னதா ஒண்ணு இருந்துச்சு, இது அதவிட பெருசு. மீட்டிங்ல இதுக்குத்தான் அதிக சத்தம். வீட்டுக்கான ஸ்லாப் இதுதான், 600 சதுர அடி வரைக்கும் மாசம் 10 ரூபா, 601ல இருந்து 1,000 வரைக்கும் 50, 2,000 வரைக்கும் 100, 3,000 வரைக்கும் 150, 4,000 வரைக்கும் 200, அதுக்கு மேல எவ்ளோ பெரிய பங்களாவா இருந்தாலும் 400. இத நான் ஒரு பேப்பர்ல எழுதி வச்சு கணக்கு போட்டு பாத்தேன். 650 சதுர அடி வீட்டுக்காரர் குடுக்கற 50 ரூபா சதுர அடிக்கு கிட்டத்தட்ட 7.7 பைசா, 8,000 சதுர அடி பங்களாக்காரர் குடுக்கற 400 ரூபா சதுர அடிக்கு 5 பைசாதான். 600க்கு மேல ஒரே ஒரு அடி கூடினா 10 ரூபா 50 ரூபா ஆகுது, அஞ்சு மடங்கு. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம், லிங்கராஜபுரம் பக்கம் முக்கால்வாசி வீடு எந்த சைஸ்னு உங்களுக்கே தெரியும், சரியா அந்த ஸ்லாப்லதான் மாட்டிக்கறோம். வருஷத்துக்கு 600 ரூபா பெரிய தொகையான்னு ஐடி கம்பெனில வேலை செய்யற தம்பி ஒருத்தர் கேட்டாரு. தொகை பெருசு இல்லதான் தம்பி, ஆனா சதுர அடி கணக்குல பெரிய வீட்டுக்கு கம்மி ரேட்டும் சின்ன வீட்டுக்கு ஜாஸ்தி ரேட்டும்னு வந்தா அத போட்டவங்க ஒரு தடவயாவது கால்குலேட்டர் தட்டி பாத்தாங்களான்னு கேக்கணும் இல்ல? அடுக்குமாடில இருக்கற என் அக்கா வேற ஒரு புலம்பல், அவங்க மாதிரி 100 வீட்டுக்கு மேல இருக்கற அபார்ட்மென்ட்டெல்லாம் குப்பைய தனியா ஆள் வச்சு காசு குடுத்து எடுக்கணும்னு ஏற்கனவே ரூல் இருக்கு, அதுக்கு மேல இதுவும் வந்தா டபுள் இல்லயான்னு. அதுவும் நியாயமான கேள்விதான்.

இங்கதான் கறிக்கடை அண்ணாச்சி ஒரு போடு போட்டாரு. "வீட்டுக்காரங்க எல்லாம் 50 ரூபாக்கு அழறீங்க, எனக்கு வரியே 25 பர்சன்ட், லைசென்ஸ் பீஸ் தனி, குப்பை தனி, ஆனா மீட்டிங்ல என்னைய கடைசில உக்கார வைக்கறீங்க." எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா அவரு சீரியஸாத்தான் சொன்னாரு. அண்ணாச்சி, அடுத்த தடவ முன்னாடி வந்து உக்காருங்க, இது அச்சுலயே வரட்டும்.

வாடகைக்காரங்க விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இது யாரும் பேசமாட்டாங்க. ஓனரே குடியிருந்தா ஒரு ரேட்டு, வாடகைக்கு விட்டா அதே வீட்டுக்கு ரெண்டு மடங்கு ரேட்டு. அந்த ரெண்டாவது மடங்கு ஓனர் பாக்கெட்ல இருந்தா போகுது? வாடகைலயும் மெயின்டனன்ஸ்லயும் அட்வான்ஸ்லயும் சேர்ந்து நம்ம தலைலதான் விடியுது. சில ஓனருங்க வாடகைக்கு விட்டுட்டு நானே இருக்கேன்னு கணக்கு காட்டறதும் உண்டு, அப்பறம் நோட்டீஸ் வந்ததும் வாடகைய ஏத்தறதும் உண்டு. ஆனா ரசீதுல பேரு ஓனர் பேரு. அதனால மீட்டிங்ல "நாங்க டாக்ஸ் கட்டறவங்க"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சா வாடகைக்காரங்க எல்லாம் வாய மூடிக்கறோம். வரி கட்டறது நானும்தாங்க, ரசீது மட்டும்தான் எனக்கு இல்ல. என்னைய மாதிரி ஆளுங்க இந்த ஊர்ல லட்சக்கணக்குல இருக்கோம்.

2024ல கைடன்ஸ் வேல்யூ (சொத்துக்கு சர்க்கார் குறிச்ச மதிப்பு) வச்சு கந்தாயம் போடப்போறோம்னு ஒரு பேச்சு வந்து அப்பறம் தள்ளி போட்டாங்களே, அது பத்தியும் மீட்டிங்ல ரெண்டு கட்சி. ஜோன் முறை பழசு, இந்திராநகர்ல கோடிக்கணக்குல விக்கற வீட்டுக்கு சல்லிசா வரி போகுதுன்னு ஐடி தம்பி சொன்னது சரிதான். ஆனா தாத்தா காலத்துல தண்டுல, அதாவது கன்டோன்மென்ட்ல, வேலைக்கு வந்து அல்சூர்ல ஒரு ஓட்டு வீடு வாங்கி போட்ட குடும்பம் இன்னிக்கு பென்ஷன்ல ஓடுது, மெட்ரோ வந்ததுல அவங்க சைட் விலை எங்கயோ போயிடுச்சு, அதுக்காக அவங்க கைல காசு இருக்குன்னு அர்த்தமா? வித்தாத்தானே காசு. நான் ரெண்டாவது கட்சி. மதிப்பு ஏறினா வரி ஏறட்டும், ஆனா ஒரே வீட்டுல 30 வருஷமா இருக்கற வயசானவங்களுக்கு ஒரு விதிவிலக்கு இல்லாம அத கொண்டு வந்தாங்கன்னா அப்ப நானும் ரோட்டுக்கு வருவேன்.

அப்பறம் மீட்டிங்ல ஒரு பெரியவர், ஃபேக்டரில ரிட்டயர்டு ஆனவரு, ஒரே மூச்சுல மெட்ரோ டிக்கெட், பஸ் டிக்கெட், தண்ணி பில்லு, கரண்ட் பில்லு எல்லாத்தையும் சேர்த்து "பாலிகேகாரன் கொள்ளை அடிக்கறான்"னு முடிச்சாரு. பாலிகேன்னா மாநகராட்சி. ஐயா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இதுல எதுவுமே பாலிகே கைல இல்லீங்க. 2025 பிப்ரவரில மெட்ரோ டிக்கெட் அதிகபட்சம் 60ல இருந்து 90 ஆனது மெட்ரோ கம்பெனி, அதுக்கு சிபாரிசு பண்ணது ஒரு கட்டண கமிட்டி, தலைவரா இருந்தது சென்னை ஹைகோர்ட் ரிட்டயர்டு ஜட்ஜ். ஜனவரில பஸ் டிக்கெட் 15 சதவீதம் ஏறினது மாநில அரசு முடிவு. தண்ணி வாட்டர் போர்டு, அது 1964ல இருந்தே தனி. கரண்ட் பெஸ்காம் கம்பெனி. சைட் குடுக்கறது பிடிஏ, அதாவது பெங்களூர் வளர்ச்சி ஆணையம். நாம ஓட்டு போட்டு கவுன்சிலர தேர்ந்தெடுத்தாலும் அவரு இதுல ஒண்ணுத்தயும் தொட முடியாது, அவரு கைல இருக்கறது குப்பை, தெரு லைட்டு, வார்டு ரோடு, சாக்கடை, பார்க்கு, கார்ப்பரேஷன் ஸ்கூல், ஆஸ்பத்திரி, அவ்ளோதான். எந்த பில்லுக்கு யார திட்டணும்னு தெரியாம திட்டினா எல்லாரும் தப்பிச்சிக்கறாங்க.

தண்ணி பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா கட்டணம் ஏறினாலே கொள்ளைன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்து வராது. 2014க்கு அப்பறம் 11 வருஷம் கழிச்சு 2025 ஏப்ரல்லதான் தண்ணி ரேட்ட ஏத்தினாங்க. காவேரி தண்ணி நம்ம ஊருக்கு சும்மா ஓடி வரல, மண்டியா பக்கம் தொரேகாடனஹள்ளில இருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் மேட்டுக்கு பம்ப் பண்ணி ஏத்தறாங்க, கரண்ட் செலவே தலை சுத்தும். வீட்டுக்கு ஏத்தினது முதல் 8,000 லிட்டருக்கு லிட்டருக்கு 0.15 பைசா, அதாவது 12 ரூபா. 2024 கோடைல போர்வெல் எல்லாம் வத்தி டேங்கர்காரன் இஷ்டத்துக்கு விலை சொன்னப்ப கலெக்டர் ஆபீஸ்ல ரேட் ஃபிக்ஸ் பண்ணாங்களே, அந்த ஃபிக்ஸ் பண்ண ரேட்டே 8,000 லிட்டர் டேங்கருக்கு 5 கிலோமீட்டருக்குள்ள 700 ரூபா. 12 எங்க, 700 எங்க. சர்க்கார் குழாய் ஓடற வரைக்கும்தான் ஏழைக்கு இந்த ஊர்ல வாழ்க்கை, அது நின்னா டேங்கர்தான், கார்ப்பரேஷன் ஸ்கூல் நின்னா பீஸ் கட்டற ஸ்கூல்தான், கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி நின்னா நர்சிங் ஹோம்தான். அதனாலதான் "வரியே வேணாம்"னு யாராவது சொன்னா, அவரு வீட்டுல டேங்கருக்கு காசு இருக்குன்னு எனக்கு தோணும்.

இப்ப பட்ஜெட். அப்ப ஊர் முழுசுக்கும் ஒரே மாநகராட்சியா இருந்த பிபிஎம்பியோட 2024-25 பட்ஜெட் 12,369 கோடி. 2025-26க்கு அது 19,900 கோடிய தாண்டிருச்சு. நம்ம கந்தாயம் மட்டும் இல்ல, மாநில அரசு பணம், கடன் எல்லாம் கலந்ததுதான், இருந்தாலும் ஒரே வருஷத்துல அவ்ளோ பெரிய தாவு. மும்பைல இருக்கற என் மச்சினன் போன்ல "எங்க ஊர் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி, நீங்க எல்லாம் சும்மா"ன்னு நக்கல் அடிக்கறான், தாராவில அவன் வீட்டு வாசல்ல மழை வந்தா முட்டி வரைக்கும் தண்ணி நிக்குதுங்கறத மட்டும் சொல்லமாட்டான். தொகைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அது எந்த தெருவுல இறங்குதுன்னு பாக்கணும்.

நம்ம ஊர்ல இறங்கறது பெரிய பெரிய பிராஜெக்ட்ல. ஹெப்பாள்ல இருந்து சில்க் போர்ட் வரைக்கும் சுமார் 17 கிலோமீட்டர் சுரங்க ரோடு, மதிப்பு 17,000 கோடிக்கு மேல. இப்ப இருக்கற 369 வார்டுக்கு அத பிரிச்சா வார்டுக்கு 46 கோடிக்கு மேல வருது. நியாயமா சொல்லணும்னா அந்த பணம் அப்படியே நம்ம கந்தாயத்துல இருந்து போகப்போறது இல்ல, தனியார் பங்கு இருக்கு, ரோட்டுல போறவன் டோல் கட்டணும். ஆனா ஒரு வார்டுக்கு 46 கோடி இல்ல, அதுல நாலுல ஒரு பங்கு குடுத்தாலே ஃபுட்பாத்தும் சாக்கடையும் எப்படி இருக்கும்னு யோசிச்சு பாக்க யாருக்கும் நேரம் இல்ல. ஈஜிபுரா மேம்பாலம் ரெண்டரை கிலோமீட்டர்தான், 2017ல ஆரம்பிச்சது, வெறும் தூண நட்டு வச்சு அது கீழ போன வருஷங்க எத்தனைன்னு கோரமங்களா பக்கம் வேலைக்கு போறவங்க கிட்ட கேளுங்க. ரெண்டரை கிலோமீட்டருக்கே இந்த கதைன்னா பூமிக்கு அடில 17 கிலோமீட்டர் எப்ப முடியும்?

இதெல்லாம் கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும் இல்ல, அந்த ஆள்தான் இல்ல. நம்ம ஊர்ல கடைசியா கவுன்சிலர் எலெக்‌ஷன் நடந்தது 2015 ஆகஸ்ட்ல, 198 வார்டுக்கு. 2020 செப்டம்பரோட அவங்க காலம் முடிஞ்சது. அதுக்கப்பறம் வார்டு 243ன்னாங்க, 225ன்னாங்க, 2025 செப்டம்பர்ல பிபிஎம்பியவே மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குன்னு அஞ்சா பிரிச்சு மேல கிரேட்டர் பெங்களூர் ஆணையம்னு ஒண்ணு வச்சு இப்ப 369 வார்டு. வார்டு எண்ணிக்கை மாறிக்கிட்டே இருக்கு, கவுன்சிலர் எண்ணிக்கை மட்டும் நான் இத எழுதற வரைக்கும் சைபர். அரசியல் சட்டத்துல 1992ல 74வது திருத்தம் போட்டு, அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள அடுத்த தேர்தல் நடத்தியே ஆகணும்னு எழுதி வச்சிருக்கு, அத எழுதினவங்க பெங்களூர நினைச்சு எழுதல போல. 2021ல இருந்து பட்ஜெட் போட்டது எல்லாம் அதிகாரிங்கதான். அவங்க வேலைய அவங்க செய்யறாங்க, நான் குறை சொல்லல, ஆனா எங்க தெரு சாக்கடை முக்கியமா இல்ல வேற எதுவும் முக்கியமான்னு முடிவு எடுக்கறதுக்கு அவங்க எங்க கிட்ட ஓட்டு கேட்டு வரப்போறது இல்ல. எம்எல்ஏ கிட்ட போங்கன்னு சொல்றாங்க. ஒரு தொகுதிக்கு ஒரு எம்எல்ஏ, லட்சக்கணக்கான ஜனம், அவரு வீட்டு வாசல்ல தெரு லைட்டுக்கும் சாக்கடைக்கும் நின்னா சட்டசபை வேலைய யாரு பாக்கறது?

சென்னைல வியாசர்பாடில இருக்கற என் தங்கச்சி வீட்டுக்கு 2016ல இருந்து இதே நிலைமைதான் இருந்துச்சு, 2022 பிப்ரவரில எலெக்‌ஷன் நடந்துச்சு, இப்ப அவ "கவுன்சிலர் ஆபீஸ்ல போய் சத்தம் போட்டுட்டு வந்தேன்"னு பெருமையா சொல்றா. அங்கயும் 2022ல சொத்து வரிய ஏத்தினாங்க, அவ அதுக்கும் திட்டறா. ஆனா திட்டறதுக்கு அவளுக்கு ஒரு விலாசம் இருக்கு.

அஞ்சு மாநகராட்சி ஆனதுல ஒரு விஷயம் நம்ம ஜனங்க கவனிக்கல. இனி ஒவ்வொண்ணுக்கும் தனி கணக்கு, தனி பட்ஜெட். மகாதேவபுரா பக்கம்தான் எப்பவுமே கந்தாய வசூல்ல முதல், டெக் பார்க் எல்லாம் அங்க இருக்கு, அது கிழக்கு மாநகராட்சிக்கு போயிடுச்சு. முன்னாடி ஊர் முழுசுக்கும் ஒரே உண்டியல், அங்க விழுந்த காசு ஸ்ரீராம்புரத்து சாக்கடைக்கும் வரும்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. இனி அப்படி இல்ல, எந்த மாநகராட்சில இருக்கோமோ அதோட வசூல், அதுக்கு மேல மாநில அரசு என்ன குடுக்குதோ அது. அந்த பங்கீடு எந்த கணக்குல நடக்குதுன்னு கேக்கறதுக்கு இதவிட நல்ல நேரம் வராது, எல்லாமே புதுசா எழுதிட்டு இருக்கற நேரம் இது. 1949 வரைக்கும் தண்டு பக்கத்துக்கு தனி முனிசிபாலிட்டி, பேட்டை பக்கத்துக்கு தனி முனிசிபாலிட்டின்னுதான் இருந்துச்சு, அப்பறம்தான் ரெண்டும் சேர்ந்து ஒரே கார்ப்பரேஷன் ஆச்சு. பிரிக்கறதும் சேக்கறதும் இந்த ஊருக்கு புதுசு இல்ல.

நம்ம தமிழ் ஜனங்க கிட்ட ஒரு பழக்கம் இருக்கு, சொன்னா கோவிச்சுக்காதீங்க. அல்சூர் ஏரிக்கரைல வள்ளுவர் சிலைய திறக்கறதுக்கு 18 வருஷம் காத்திருந்து 2009ல அந்த ஏரியாவே திரண்டு போச்சு, நானும் போனேன், தப்பே இல்ல, பெருமைதான். ஆனா அதே ஏரியாவுல வார்டு கமிட்டி மீட்டிங்னு சனிக்கிழமைல வைப்பாங்க, அதுக்கு கூப்பிட்டா "நமக்கு எதுக்கு வம்பு, அது அவங்க ஊர் சமாச்சாரம்"னு ஒதுங்கிடறோம். நாலு தலைமுறையா இங்க கந்தாயம் கட்டிட்டு இன்னும் என்ன அவங்க ஊரு? பக்கத்து வீட்டு கன்னடக்காரரும் எதிர் வீட்டு தெலுங்குக்காரரும் கட்டறது அதே 50 ரூபா, அவங்க வீட்டு முன்னாடி இருக்கறதும் அதே குழிதான். இத மொழி சண்டை ஆக்காதீங்க, ஆக்கினா யாருக்கு சௌகரியம்னு யோசிங்க. கன்னடத்துல ரெண்டு வரி பேச வந்தா அந்த மீட்டிங்ல தாராளமா பேசலாம், நான் பேசறேன், என் கன்னடத்த கேட்டு சிரிப்பாங்க, ஆனா பேசினத எழுதிப்பாங்க.

இனி ஆசிரியர் அவர்களே, உங்க கிட்ட. பட்ஜெட் அன்னிக்கு நீங்க முதல் பக்கத்துல எத்தனை கோடின்னு கொட்டை எழுத்துல போடறீங்க, யாரு என்ன சொன்னாங்கன்னு போடறீங்க. அது எல்லா பேப்பர்லயும் வருது. எங்களுக்கு வேண்டியது வேற. பட்ஜெட் புஸ்தகம் கன்னடத்துல வருது, அத படிக்க தெரியாத எங்க அம்மா வயசு ஆளுங்க, மூணாவது தலைமுறைலயும் தமிழ் மட்டுமே படிக்கற ஜனங்க, இவங்கதான் உங்க பேப்பர காசு குடுத்து வாங்கறாங்க. தமிழ் ஜனங்க ஜாஸ்தியா இருக்கற வார்டுகள எடுத்து, எந்த வார்டுக்கு எந்த வேலைக்கு எவ்ளோ ஒதுக்கியிருக்காங்க, போன வருஷம் ஒதுக்கினதுல எவ்ளோ பில் பாஸ் ஆச்சுன்னு வாரம் ஒரு வார்டு போடுங்க. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் நம்பர் இருக்கும், அத கூடவே போடுங்க, அந்த நம்பர் இருந்தா போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கறோம். 10 ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போட்டா 30 நாள்ல பதில் குடுக்கணும், கர்நாடகால அத 150 வார்த்தைக்குள்ள ஒரே விஷயம் பத்தி எழுதணும்னு ரூல் வேற, அதுக்கு ஒரு மாதிரி மனு கன்னடத்துல எழுதி பக்கத்துல தமிழ் அர்த்தத்தோட ஒரு நாள் போட்டீங்கன்னா ஜனங்க வெட்டி எடுத்து வச்சுப்பாங்க. ஜனாக்ரஹா அமைப்பு பட்ஜெட்டுக்கு முன்னாடி ஏரியா ஏரியாவா வண்டில வந்து உங்களுக்கு என்ன வேணும்னு எழுதி வாங்கறாங்களே, அந்த வண்டி எந்த நாள் எந்த பக்கம் வருதுன்னு முன்கூட்டியே போட்டா இன்னும் நல்லது, எங்க தெருவுக்கு பக்கத்துல வந்துட்டு போனதே நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

போன வார கடிதம் எழுதின அண்ணாவுக்கு: ஏப்ரல் மாசம் 5 சதவீத தள்ளுபடியோட கட்டிடுங்க அண்ணா, கட்டின ரசீத ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க. உங்க ரோட்டுக்கு ஜாப் நம்பர் என்னன்னு நான் தேடி தர்றேன், பேப்பர் ஆபீஸ் மூலமா உங்க வார்டு நம்பர அனுப்புங்க. எங்க சங்கத்துல அடுத்த மீட்டிங்குக்கு நாலு பேர் ஆர்டிஐ எழுத ஒத்துக்கிட்டாங்க, அதுல அண்ணாச்சியும் ஒருத்தர். ஒருத்தர் தெரு லைட்டு, ஒருத்தர் சாக்கடை தூர் வாரினது, ஒருத்தர் எங்க வார்டுல இருந்து போன லைப்ரரி செஸ், அண்ணாச்சி மார்க்கெட் ரோட்டு குப்பை டெண்டர். பதில் வந்தா அதையும் உங்களுக்கே அனுப்பறோம்.

கடிதம் நீளமா போயிடுச்சு, தெரியும். வெட்டறதா இருந்தா மும்பை மச்சினன வெட்டுங்க, குப்பை ஸ்லாப் கணக்க மட்டும் தயவு செஞ்சு வெட்டாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூர்